மூச்சு எடுக்காத வண்டி

மாரப்பன் மறுபடியும் சாவியைத் திருகினான். அம்பாசிடர் குலுங்கி, முனகி, அடங்கிப்போனது.

"கழட்டிப் பூட்டுனதுல ஏதாச்சும் மிச்சங் கிடக்குதா பாரப்பா," என்றார் சாமியப்பன். ஊத்துக்குளி வெண்ணெய் வியாபாரி. வண்டியை எடுத்துப்போகக் காலை ரயிலிலேயே வந்தவர். "இருந்தாக் குடு, எம்பட எருமைக்குக் கழுத்துல கட்டியுடறேன்."

மாரப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் புதிதாகப் போட்டு, ஒரு மாத வேலை.

ஓரமாக உட்கார்ந்து மண்ணெண்ணெயில் நட்டு கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி மயிலாளுக்குக் காரணம் தெரியும். இன்ஜினைப் பிரித்தால், கார்புரேட்டர் உட்காரும், உள்ளே காற்று போகும் குழாயின் வாயில் தூசி விழாமல் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து வைப்பார்கள். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? இந்தப் பட்டறையில் அடைப்பவள் அவள். பூட்டும்போது உருவுகிறவளும் அவள். இந்த முறை அடைத்த மறுநாளே அவளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. மாரப்பன் அப்போது கோயமுத்தூர் லேத் பட்டறையில் சிலிண்டரோடு இருந்தான். ஆள் போய்ச் சொல்லியும், "கடைசல் முடியட்டும், வந்தர்றேன்" என்றான். அவன் வருவதற்குள் குழந்தையைப் புதைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு அவன் தனியாகவே இன்ஜினைப் பூட்டினான். வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அவள் பட்டறைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

மாரப்பன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பொறி நீலமாக அடித்தது. பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்திருந்தது. ஆனால் பிளக் ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. ஒயர்களை மாற்றிச் செருகினான். டைமிங்கைத் திருப்பி வைத்தான்.

தேடட்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு முழுக்கத் தேடட்டும். அந்த நினைப்பில் இருந்த ருசி அவளுக்கே பயமாக இருந்தது.

மத்தியானம் அவன் பானெட்டில் கையூன்றி நின்றான். "எல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது. மூச்சுத்தான் எடுக்கமாட்டீங்குது."

அவள் கையிலிருந்த நட்டு தட்டில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்னதும் இதுதான். எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, மூச்சுத்தான் எடுக்கல. அதைக் கேட்க அவன் அங்கே இல்லை.

"ஏனுங்க," என்றாள். "துணிய எடுத்தீங்களா?"

அவன் கார்புரேட்டரைக் கழற்றிக் குழாய்க்குள் விரல் விட்டான். நைந்த மஞ்சள் துணி நீளமாக வந்தது. திரும்பப் பூட்டியதும் முதல் சாவிக்கே வண்டி பிடித்துக்கொண்டது.

"அட, சீக்குன்னு பாத்தா வாயில துணியா இத்தன நேரம்!" என்று சிரித்தபடி சாமியப்பன் ஓட்டிப்போனார். புகை கலைந்ததும் மாரப்பன் அவள் பக்கம் திரும்பினான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"காத்தாலயே."

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் எதிரில் வந்து குத்துக்காலிட்டான். இத்தனை நாளில் கேட்காததைத் தலைகுனிந்தபடி கேட்டான்.

"மயிலா, பாப்பா மொகம் ஆராட்டம் இருந்துச்சு?"

அவனுடைய நெற்றி. அவனுடைய அதே கூர்மூக்கு. தொண்டைவரை வந்தது. அந்த முகம் ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. அதில் அவனுக்குப் பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

"நானும் பாக்கலீங்க," என்றாள்.

அவன் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். கூப்பிடலாம். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். அவள் அடுத்த நட்டை எடுத்து மண்ணெண்ணெயில் போட்டாள்.