பிப்ரவரி பன்னிரண்டின் மரத்துண்டு

அலீனுக்குக் குளோவிஸைக் கண்டாலே ஆகாது. போரில் ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்துவைத்திருந்த நாலு வருஷமும் ஊரே வறுத்த பார்லியைக் காய்ச்சிக் குடித்தபோது, தபால்காரன் குளோவிஸ் வீட்டில் மட்டும் அசல் காப்பி மணத்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போர் முடிந்து பத்து வருஷமாகியும் அலீன் அதை மறக்கவில்லை. அப்பேர்ப்பட்டவனோடு சேர்ந்துதான் அவள் புருஷன் எவாரிஸ்த் விமானம் கட்டினான், அதுவும் அவர்கள் வீட்டு வைக்கோல் கொட்டகையில்!

இரண்டு பேர் உட்காரும் மர விமானம். வரைபடம் தபாலில் வந்தது. எஞ்சின், அமெரிக்கப் பட்டாளம் விட்டுவிட்டுப் போன ஒரு குட்டி விமானத்தினுடையது. எவாரிஸ்த் தச்சன், அதனால் மரவேலை அவன் பொறுப்பு. பசை கலக்குவதும் நோட்டில் குறித்துவைப்பதும் குளோவிஸ். இறக்கைகளுக்கு லினன் துணி தைத்துப் போர்த்தியது அலீன். மூன்று மாதம் ஊசி குத்தி விரலெல்லாம் பொத்தல். நாளை ஞாயிற்றுக்கிழமை எவாரிஸ்த் அதை முதன்முதலாகப் பறக்கவிடப்போகிறான், தனியாக. குளோவிஸ் புல்லில் நின்று கை தட்டுவான்.

பசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் அதே பசையால் இரண்டு மரச்சில்லுகளை ஒட்டி, தேதி எழுதி, ஒட்டிய பாகத்தின் பக்கத்திலேயே மாதிரியாகப் போட்டுவைக்க வேண்டும். பாகம் படும் குளிரும் சூடும் அதுவும் படவேண்டும். கடைசியில் விமானத்தைச் சோதிக்கும் அதிகாரி வந்து ஒவ்வொன்றாக உடைப்பார். மரமே பிய்ந்தால் பசை கெட்டி, சரி. ஒட்டு விட்டால் அன்றைக்கு ஒட்டியதெல்லாம் அடுப்புக்குத்தான்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். முப்பத்தோரு துண்டையும் உடைத்தார். எல்லாவற்றிலும் மரமே பிய்ந்தது. கையெழுத்துப் போட்டு, ஒரு கோப்பை வெள்ளை ஒயின் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரையும் சாப்பிடக் கூப்பிடக் கொட்டகைக்குப் போன அலீன், உடைந்த துண்டுகள் கிடந்த பெட்டியை எட்டிப்பார்த்தாள். எல்லாம் வெளிறித் தூசி படிந்து கிடக்க, ஒன்று மட்டும் பழுப்பேறி இருந்தது. அதன்மேல் வளைவாக ஒரு கறை. முகர்ந்தாள். காப்பி!

தேதியைப் பார்த்தாள். பிப்ரவரி 12. இறக்கையையே தாங்கும் நடு உத்தரத்தை ஒட்டிய நாள். அந்த வாரம் முற்றத்துக் குழாயே உறைந்து கிடந்தது. அந்தக் குளிரில் எந்தப் பசை இறுகும்? திருட்டுப்பயல், வீட்டில் அடுப்போரம் உட்கார்ந்து காப்பியை உறிஞ்சிக்கொண்டே நல்லதாக ஒன்று செய்து மாற்றி வைத்துவிட்டான்!

சாப்பாட்டு மேஜையில் முயல் கறிச் சட்டிக்குப் பக்கத்தில் துண்டைப் பட்டென்று வைத்தாள்.

"இது யாரு வீட்டுல செஞ்சது, குளோவிஸ்?"

"என்ன மேடம், ரொட்டி வைக்கிற இடத்துல மரத்தை வைக்கிறீங்க? பல்லு ஏற்கெனவே ஆடுது."

"சிரிக்காதய்யா! மாதிரியை மாத்துனது நீதானே? நீ கீழ நிப்ப, என் புருஷன் மேல போவாரு. நல்லா இருக்கு உன் கணக்கு!"

குளோவிஸின் முகம் வெளுத்துப்போனது. கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் தள்ளினான். கோணல்மாணலான எழுத்தில் இருந்தது: "பிப்ரவரி 12. உத்தரம். ராத்திரி கொட்டகைக் கணப்பு அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் நாலு டிகிரி. பசை பிடித்ததா தெரியவில்லை. மாதிரி சொல்லும்."

"மாத்துறவன் இதை எழுதுவானா? துண்டை நெம்பிப் பாத்தோம், நல்லாப் பிடிச்சிருந்துச்சு, அதான் மேற்கொண்டு வேலை செஞ்சோம்" என்றான்.

"போதும் அலீன்!" எவாரிஸ்த் கத்தினான். "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல. அதிகாரி கையெழுத்துப் போட்டாச்சு. நான் நாளைக்குப் பறக்கத்தான் போறேன்."

குளோவிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அலீன் வீம்போடு காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்தாள். அதன் அடி விளிம்பில் ஓர் இடம் நசுங்கியிருக்கும், கல்யாணமான வருஷம் கீழே விழுந்தது. கண் தன்னால் துண்டின் கறைக்குப் போனது. வளைவு ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது, அதே நசுங்கல் அளவுக்கு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில், உத்தரம் ஒட்டிய அன்று சாயங்காலம், பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் ஓடு உடைந்துபோக, கொட்டகையில் உத்தரத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கட்டையை எடுத்துவந்து அடுப்பு ஓரத்தில் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைத்தாள். நாலு நாள் அது வெதுவெதுப்பில் கிடந்தது. அப்புறம் எவாரிஸ்த் ஏதோ துண்டைக் காணோம் என்று குதிக்கவும், திட்டு வாங்குவானேன் என்று சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஒரு சில்லுக்கு இந்தப் பாடா என்று அப்போது சிரிப்புக்கூட வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. நாளைக்கு எவாரிஸ்த் பறப்பான்.

"நான்தான்" என்றாள். "நான்தாங்க எடுத்தேன். காப்பிப் பாத்திரத்துக்கு அடியில வச்சிருந்தேன். உத்தரம் குளிர்ல கிடந்துச்சு, இது என் அடுப்புல கிடந்துச்சு."

அவள் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். வெள்ளி வண்ணம் பூசி மினுமினுத்த இறக்கையில், தான் போட்ட தையலைத் தானே அறுத்தாள். அழுதுகொண்டேதான் அறுத்தாள். எவாரிஸ்த் உளி முனையை உத்தரத்தின் ஒட்டில் வைத்து லேசாக நெம்பினான். சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. பலகைகள் இரண்டும் ஒரு நார்கூடப் பிய்யாமல் வழவழவென்று பிரிந்து வந்தன.

எவாரிஸ்த் மெதுவாக வைக்கோல் தரையில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சிடு, குளோவிஸ்" என்றாள் அலீன்.

"மன்னிக்கிறது இருக்கட்டும் மேடம். அந்தப் பாத்திரத்துல காப்பி மிச்சம் இருக்கா?"

அவள் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான். போர்க்காலத்துக் காப்பி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போதும் அவள் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.