நூற்று நாற்பத்தெட்டு கிலோ உறக்கம்

ஷர்மைன் தன் பட்டப்படிப்பின் இறுதிக் கண்காட்சிக்காகப் பென்சிலால் வரைந்த படம் நூற்று நாற்பத்தெட்டு கிலோ எடை இருந்தது. ஒற்றைத் தாள், ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஜொகூர் பாருவின் புறநகரான தம்போயில் பழைய இரும்பு வாங்கும் செல்லப்பன் அதைத் தம் கடைத் தராசில் இரண்டு முறை நிறுத்தார். இரண்டாம் முறை அரைக் கிலோ கூடியிருந்தது. இடையில் யாரோ படத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்றார். அவர் கணிப்பு சரி, பேசியவன் நான்.

ஷர்மைன் என் சித்தப்பா ரபேலின் ஒரே மகள். சித்தப்பா தம்போயில் காடி என்று நாங்கள் சொல்லும் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். சித்தி டொரத்தி பதினேழு ஆண்டுகளாக விடியலுக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். 2021இல் ஷர்மைன் ஒரு தனியார் கல்லூரியில் கலை, வடிவமைப்பு இளங்கலைப் படிப்பில் சேர்ந்த அன்று, மகள் கையில் பட்டம் வரும்வரைதான் தாம் பாலம் கடக்கப் போவதாகவும், அதற்குமேல் ஒரு நாளும் கடக்கப் போவதில்லை என்றும் சித்தி அறிவித்தார். படிப்புக்கு மூன்றாண்டுகள். ஆகவே சித்தியின் முதுகுக்கும் மூன்றாண்டுகள். ஜொகூர் பாருவில் பேருந்து நேரத்தை நம்பி நிறுத்தத்தில் காத்திருப்பவர்களுக்கு உரிய அமைதியோடு குடும்பத்தார் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டனர்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் தம் வேலையைச் சுவரில் குத்திவைத்துவிட்டு அருகில் நிற்க வேண்டும். மற்றவர்கள் அரைவட்டமாக அமர்ந்து கேள்வி கேட்பார்கள். இதற்குக் கிரிட் என்று பெயர். அங்கே ‘இது என்ன’ என்று யாரும் கேட்பதில்லை. ‘இது ஏன்’ என்றே கேட்பார்கள். மூன்றாம் வாரம், ஒரு கோடு வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். ஷர்மைன் ஒரு கோடு வரைந்து கொண்டுபோனாள். இந்தக் கோடு ஏன் என்று விரிவுரையாளர் யோகேஸ்வரி கேட்டபோது, “நீங்கதானே மிஸ் போடச் சொன்னீங்க” என்று உண்மையைச் சொன்னாள். மதிப்பெண்ணாக டி கிடைத்தது. அன்று மாலை அவள் எனக்குத் தொலைபேசினாள். நான் அப்போது இலக்கியத் திறனாய்வில் முதுகலை படிக்கத் தொடங்கியிருந்தேன். நான்கு நூல்களை முடித்திருந்தேன். அசையாமல் நிற்கும் எதன்மீதும் அவற்றைப் பொருத்திப் பார்க்கும் ஆவலில் இருந்தேன். அவளுடைய கோடு இருப்புக்கும் இன்மைக்கும் இடையே நடக்கும் முடிவுறாத பேச்சுவார்த்தை என முந்நூறு சொற்களில் நிறுவினேன். அதை அடுத்த கிரிட்டில் படித்தபோது அவளுக்கு ஏ-மைனஸ் கிடைத்தது. சுவரிலிருந்து கழற்றியபோது அந்தத் தாள் ஒரு முற்றிய தேங்காயின் எடை இருந்தது.

அடுத்த ஈராண்டுகளில் எங்கள் கூட்டுறவு நல்ல மதிப்பெண்களையும் கூடிக்கொண்டே போகும் எடையையும் ஈட்டியது. கழிவெண்ணெய் பற்றிய அவளுடைய சுவரொட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தங்காக் ஊரில் திரைச்சீலைக்கென விற்கும் தடித்த துணியை வாங்கி அவள் தைத்துக்கொண்ட, படங்களைச் சுமக்கும் பை ஒரு பருவத்துக்குள் இரண்டு முறை காதறுந்தது. இருபது கிலோவுக்கு மேற்பட்ட படைப்புகளைத் தரைத்தளத்திலேயே வைக்க வேண்டும் எனக் கல்லூரி ஓர் அறிவிப்பை ஒட்டியது. அதில் அவள் பெயர் இல்லை, ஆனால் படித்தவர்கள் அனைவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற மாணவர்களும் இத்தகைய விளக்கவுரைகளையே எழுதினார்கள் என்பதும், அவர்களின் தாள்கள் தாள்களாகவே இருந்தன என்பதும் பதிவு செய்யத்தக்கவை. அவர்கள் தாம் எழுதியதை நம்பவில்லை என்பது யோகேஸ்வரியின் கருத்து. நான் நம்பினேன். ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன். என் தவறுகளில் இதுவே மிகவும் பாரமானது.

இறுதியாண்டில் ஷர்மைன் தன் அம்மாவை வரைந்தாள். சித்தி வேலை முடிந்து பிற்பகலில் திரும்பி, பட்டறை வாசலில் போட்டிருக்கும் பழைய காடியின் பின்னிருக்கையில் அமர்வார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே உறங்கிவிடுவார். அந்தக் கோலத்தை அவள் நான்கு பிற்பகல்களில் வரைந்து முடித்தாள். முடித்த அன்று மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைக்க வேண்டியிருந்தது. பிறகு நான் விளக்கவுரை எழுதத் தொடங்கினேன். ஆறு வாரங்கள், ஆயிரத்தைந்நூறு சொற்கள், எழுபத்தொரு வாக்கியங்கள். இரண்டாம் வாரம், பட்டறையில் படத்தை வைத்திருந்த மேசையின் ஒரு கால் முறிந்தது. நான்காம் வாரம் தரை ஓட்டில் விரிசல் விழுந்தது. நான் முடிவுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது சித்தப்பா படத்தைத் தராசுக்கும், தராசிலிருந்து கல்லூரிக்கும் தம் இழுவை லாரியில் கொண்டுபோனார். வழியில் வேகத்தடைகளில் லாரியின் பின்பக்கம் தரையைத் தொட்டதாகச் சொன்னார்.

தேர்வுக்கு முந்திய நாள் காலை படத்தைச் சுவரில் மாட்டினார்கள். ஆணிகள் வளைந்தன. திருகாணிகள் சுவரின் ஒரு துண்டோடு வெளியே வந்தன. மரப்பலகைத் தடுப்பில் பொருத்தியபோது தடுப்பு, பணிந்து வணங்குவதைப் போல முன்னால் சாய்ந்தது. விழுவதையே படைப்பின் பகுதியாக்கிவிட்டால் என்ன என்று யோகேஸ்வரி நல்லெண்ணத்தோடு யோசனை கூறினார். வீழ்ச்சியின் அழகியல் குறித்து நான் உடனே ஒரு பத்தி எழுதினேன்; படம் மேலும் பதினொரு கிலோ கூடியது. விதி தெளிவாக இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குப் புறத்தேர்வாளர் வரும்போது படம் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். தொங்கவில்லையென்றால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் இல்லை. ஓராண்டு மீண்டும் படிக்க வேண்டும். சித்தி இன்னும் ஓராண்டு பாலம் கடக்க வேண்டும். ஷர்மைன் தரையில் கிடந்த தன் படத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நண்பகலில் சித்தப்பா பட்டறையிலிருந்து எஞ்சின் தூக்கும் சங்கிலியையும், செல்லப்பன் தம் தொங்குதராசையும் கொண்டுவந்தனர். சங்கிலியைக் கூரையின் இரும்பு உத்திரத்தில் மாட்டி, கொக்கியில் தராசையும் தராசில் படத்தையும் கோத்து மேலே இழுத்தார்கள். படம் எழும்பியது, உத்திரமும் கொஞ்சம் இறங்கியது. அது இரவைத் தாங்காது என்பது சித்தப்பாவுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது. அவர் தொழிலில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதைத்தான் என்னிடம் சொன்னார்.

“லெஸ்லி, லாரில ஏத்துனவன்தான் எறக்கணும். ஏத்திட்டு நீ பாட்டுக்கு நின்னா எப்படி?”

எழுதி முடித்த பிரதி எழுதியவனின் பிடிக்குள் இருப்பதில்லை என்பதையும், அதன் பொருளுக்கு அவன் பொறுப்பாளி அல்லன் என்பதையும் நான் அவருக்குச் சுருக்கமாக விளக்கினேன். தராசின் முள் மேலும் ஒரு கிலோ நகர்ந்தது.

“சரிலா. எழுதுனவன் காணாமப் போயிட்டான்னா சாமான யாரு எறக்குறது? நானா?”

இதற்கு எங்கள் துறையில் மறுமொழி இல்லை. பின்னரும் தேடிப்பார்த்தேன், இல்லை.

ஆனால் இறக்குவதற்கு ஒரு விலை இருந்தது. விளக்கவுரையைத் திரும்பப் பெற்றால் அதற்கான முப்பது மதிப்பெண்களும் போய்விடும் என்று யோகேஸ்வரி எச்சரித்தார். மீதி எழுபதில் ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. அந்தக் கல்லூரியில் விளக்கம் இல்லாமல் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஷர்மைனைப் பார்த்தேன். அவள் காலணிக் கயிற்றைக் கடைசி முறையாகக் கட்டிவிட்டு எழுந்தாள்.

“போகட்டும் மிஸ். அண்ணே, படி.”

நான் முதல் வாக்கியத்தைப் படித்து, அதை மீள்பரிசீலனைக்கு உட்படுத்துவதாக அறிவித்தேன். செல்லப்பன் முள்ளைப் பார்த்து, முந்நூறு கிராம் கூடுதல் என்றார். செப்புக் கம்பி நிறுக்கும்போது அவர் பயன்படுத்தும் அதே குரல். இரண்டாம் முறை, அந்த வாக்கியத்துக்கு வரலாற்றுச் சூழல் ஒன்று உண்டு என்று தொடங்கினேன். ஷர்மைன் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் முறைதான் வாயில் வந்தபடி சொன்னேன்: “இது எனக்குத் தெரியாது. சும்மா எழுதுனேன்.” இரண்டு கிலோ இறங்கியது. வழி தெரிந்த பிறகு வேலை சீராக நடந்தது. ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன்; பொருள் தெரிந்ததைச் சாதாரணமாகச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். எழுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு தெரியாதவை. கண்காட்சிக்குத் தம் வேலைகளை மாட்டிக்கொண்டிருந்த மாணவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து அமர்ந்தார்கள். அமர்ந்தவிதம் அரைவட்டமாக இருந்ததை நான் கவனித்தேன். மூன்றாண்டுகளில் எனக்கு நடந்த ஒரே கிரிட் அதுதான்.

பிற்பகலில் எடை நாற்பது கிலோவுக்குக் குறைந்திருந்தபோது சித்தி வந்தார். வேலை முடிந்து நேரே வந்திருந்தார். மழைச்சட்டையிலிருந்து நீர் சொட்டியது. பட்டறையில் அதைத் துணியால் மூடியே வைத்திருந்ததால், படத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. தொங்கிய தாளின் முன் நின்று, அதில் இருப்பது தாமே என்பதை உறுதிசெய்துகொண்டு, மேலே நடக்கட்டும் என்பதுபோல் தலையசைத்தார். அடுத்து நின்ற வாக்கியம் நான் மிகவும் பெருமைப்பட்டது. அதைப் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றிலும் பயன்படுத்தியிருந்தேன். இவ்வுறக்கம் அதிகாரத்துக்கு எதிரான உடலின் மௌனக் கிளர்ச்சி என்பது அந்த வாக்கியம். அதன் எடை மட்டும் இருபத்திரண்டு கிலோ.

“யார எதிர்க்கிறேன் லெஸ்லி?” என்று சித்தி கேட்டார். கேலி இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். “நாலு மணி நேரம் ரோட்டுலயே போவுது. தூக்கம் வந்துச்சு, தூங்குனேன். அவ்ளோதான்லா.”

எனக்கு அந்த வாக்கியத்தை விட மனமில்லை. அதில் ஓர் உண்மை உண்டு என்று இன்றும் எண்ணுகிறேன். இதை எழுதும்போதும் இந்தத் தாள் கனக்கிறதா என்று ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சித்தி அத்தனை ஆண்டுக் களைப்போடு என் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு உட்கார அங்கே நாற்காலி இல்லை. “மன்னிச்சிருங்க சித்தி, அது நான் சொந்தமாச் சேத்தது” என்றேன். இருபத்திரண்டு கிலோவும் ஒரே நொடியில் இறங்கின. உத்திரம் நிமிர்ந்து, சங்கிலி கலகலத்தது. மீதி வாக்கியங்கள் எளிதில் போயின. எழுபத்தொன்றாவதும், பிறகு சேர்த்த வீழ்ச்சிப் பத்தியும் முடிந்ததும் முள் பூச்சியத்தில் நின்றது. சித்தப்பா தாளைக் கொக்கியிலிருந்து எடுத்துச் சுவரில் நான்கு குண்டூசிகளால் குத்தினார். அப்போதுதான் தாளின் நடுப்பகுதி மெல்ல உப்பி, மெல்ல அமிழ்ந்து, மீண்டும் உப்பியது. மின்விசிறி நின்றிருந்தது. சித்தி தம் மூச்சைச் சற்று நிறுத்திப் பார்த்தார், தாள் நிறுத்தவில்லை. சீராக, ஆழமாக, களைத்த ஒருவர் உறங்கும் கதியில் அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அரைவட்டத்தில் இருந்த யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர், விளக்கவுரை எங்கே என்று கேட்டார். இல்லை என்று ஷர்மைன் சொன்னாள். அப்படியானால் வாயால் விளக்கலாம் என்று அவர் இடம் கொடுத்தார். யோகேஸ்வரி சுவரையும், சித்தப்பா கூரையையும் பார்த்தனர். நான் வெளியே நிறுத்தப்பட்டிருந்தேன். இதைக் கேட்டவர்கள் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

“எங்கம்மா. வேலைக்குப் போயிட்டு வந்து தூங்குறாங்க.”

குண்டூசிகள் அசையவில்லை. தேர்வாளர் படத்தின் முன் பன்னிரண்டு நிமிடங்கள் நின்றார். பிற மாணவர்களுக்கு அவர் ஒதுக்கியது ஐந்து நிமிடங்கள். பேனாவைத் திறக்கும் ஓசை கேட்காதபடி ஏட்டோடு அறையின் மறுமூலைக்குப் போய் எழுதினார். விளக்கவுரைக்குப் பூச்சியம். படத்துக்கு எழுபதில் ஐம்பத்திரண்டு. தேர்ச்சி.

ஷர்மைன் இப்போது பத்து பாகாட் நகரில் ஒரு துணி ஆலைக்கு வடிவங்கள் வரைகிறாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறாள். என் ஆய்வேட்டை மறு ஆண்டு சமர்ப்பித்தேன். அதைக் கொண்டுபோக அதே இழுவை லாரிதான் வேண்டியிருந்தது, நூலகம் அதைத் தரைத்தளத்தில் வைத்திருக்கிறது. பட்டமளிப்புக்கு மறுநாள் சித்தி வேலையை விட்டார். முதல் வாரம் முழுவதும் பழக்கத்தால் இருட்டிலேயே எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் பட்டறையைப் பெருக்கினார். இரண்டாம் வாரத்திலிருந்து எட்டு மணி வரை உறங்குகிறார்.

படம் பட்டறையின் உள்சுவரில் இருக்கிறது. காடியைப் பழுதுபார்க்க விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். தாள் ஏறி இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உறங்குகிறவர்கள் மூச்சுவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தச் சுவருக்கு அருகே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எஞ்சினை முறுக்கிச் சோதிக்க வேண்டிய காடிகளைச் சித்தப்பா முன்பே வெளியே தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்.