சல்மா உம்மாவின் பேரில் ஒரு கேற்

அன்று காலை என் கணவர் என்னிடம் கேட்டது கொஞ்சம் பழைய எண்ணெய். மீன் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைப்பேன் என்பது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து வாசல் கேற்றின் சக்கரத்துக்கு என்றார். பள்ளிக்கூடத்தில் கிரீஸ் வாங்க மாட்டார்களா என்று கேட்டேன். கிரீஸ் பூசினால் கடற்கரை மணல் வந்து ஒட்டிக்கொள்கிறது, எண்ணெய்தான் நல்லது என்றார்.

"போன தடவ நீ தந்தது சூட மீன் பொரிச்ச எண்ண போல. கேற்றடியில பூனையெல்லாம் டியூட்டிக்கு நிண்டிச்சு."

நான் சிரிக்கவில்லை. மகள் ஸம்றாவுக்குக் காய்ச்சல். அவளுக்குக் கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தேன். அவர் போத்தலைப் பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனார்.

என் கணவர் பஸால் எங்கள் ஊரின் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். ஸம்றா படிப்பதும் அங்கேதான். பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே பொறுப்பு. சுனாமி ஒத்திகை, முதலுதவிப் பெட்டி, டெங்குச் சிரமதானம் என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து எந்தச் சுற்றுநிருபம் வந்தாலும் அது கடைசியில் அவருடைய பைக்குள்தான் வந்து சேரும். கேற்றைத் திறந்து மூடுவதும் அவர் வேலையாகியிருந்தது. அன்றைக்குப் பிந்தி வந்த பிள்ளைகளை உள்ளே எடுத்துவிட்டுக் கேற்றை இழுத்தபோது அது தண்டவாளத்தை விட்டு விலகி அவர்மேல் சாய்ந்தது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் மௌத்தானார். அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள்.

அந்தக் கேற் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரலில் குண்டுகள் வெடித்த பிறகு எல்லாப் பள்ளிக்கூடங்களும் வாசலை இறுக்கின. புத்தகப் பைகளைச் சோதித்தார்கள். வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாதபடி கேற் இருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது முள்ளுக்கம்பி அடித்த ஒரு படலை. அந்த வருசம்தான் என் மாமியார் சல்மா உம்மா மௌத்தானார். அவருடைய மூத்த மகன் நிப்றாஸ் மச்சான் கட்டாரில் வேலை செய்கிறார். உம்மாவின் பேரில் ஒரு ஸதகதுல் ஜாரியா செய்ய நினைத்தார். அதாவது மௌத்தானவர்களுக்கு நன்மை தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிற தருமம். கிணறு கட்டுவார்கள், பள்ளிவாசலுக்குப் பாய் வாங்கிக் கொடுப்பார்கள். அவர் கேற் கொடுத்தார். ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் படகு வேலை செய்கிற பட்டறையில் கனத்த தகட்டில் அடித்தது. தண்டவாளத்தில் ஓடும். அதில் சல்மா உம்மாவின் பெயரைப் பித்தளையில் வெட்டிப் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அத்தனை பிள்ளைகள் ஓதப் படிக்க அதற்குள்ளால் போகிறார்கள், ஒவ்வொரு பிள்ளையாலும் உம்மாவுக்கு நன்மை என்று நிப்றாஸ் மச்சான் சொல்வார். நாங்களும் அதை நம்பினோம். இப்போதும் நான் நம்பாமல் இல்லை.

கடற்காற்றுக்கு இரும்பு என்னவாகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மேலே கேற்றைப் பிடித்து நிற்கிற கொளுக்கி துருவில் கரைந்தது. தண்டவாளத்துக்குள் மணல் நிறைந்தது. பஸால் காலையில் நேரத்தோடு போய் ஒரு ஸ்குறூ டிறைவரால் மணலைக் கிண்டி எடுப்பார்.

பிறகு வேறொரு சுற்றுநிருபம் வந்தது. பள்ளிக்கூடங்களில் சாயக்கூடிய மதில், மரம், கேற் எல்லாவற்றையும் பார்த்து அகற்றச் சொல்லி. வலயத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பான வில்பிரட் சேர், பெரியநீலாவணைக்காரர், நேரில் வந்து பார்த்தார். கேற்றை ஒரு கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கழற்றிவிட்டுக் குழாயில் இரட்டைக் கேற் போடுங்கள் என்றார். அபிவிருத்திக் குழு கூடியது. அங்கே ஒருவர், கேற்றைக் கழற்றினால் அந்த மனிசிக்குப் போகிற நன்மை அன்றோடு நின்றுபோகுமே, அந்தப் பாவத்தை யார் ஏற்பது என்று கேட்டாராம். எல்லோரும் பஸாலைப் பார்த்தார்களாம். இவர் சல்மா உம்மாவின் மகன்.

வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். கொளுக்கி மாற்றும்வரை வேறு யாரும் கேற்றில் கை வைக்கக் கூடாது, நானே திறந்து மூடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வில்பிரட் சேர் சொன்னதைச் செய்தால் என்ன என்று கேட்டேன். 

"கழட்டத்தான் வேணும். எனக்குத் தெரியும். உம்மாட பேரை என்ட கையால எப்படிக் கழட்டுற?"

இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த பேச்சு.

கணவன் மௌத்தாகி இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு நாலு மாதமும் பத்து நாளும் வீடுதான். என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெருவுக்குக்கூடத் தூரமில்லை. மணி கேட்கும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் ஓதுவது கேட்கும். நான் அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டேயிருந்தேன். அடுக்கிய உடுப்பைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். என்னோடு வந்து நின்ற என் கூடப்பிறந்த ராத்தா சுபைறா, ஒரு இடத்தில் இருந்து ஓது, தலை சுற்றுகிறது என்று ஏசுவாள். உனக்கு ஏன் சுற்றுகிறது, நடக்கிறது நான்தானே என்பேன். நோன்பு லீவு விட்டார்கள். மணிச் சத்தம் நின்றது. அது நின்ற பிறகு இன்னும் மோசம்.

ஒரு பகல் வெல்டிங் மெசின் இரையும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கம். ஸம்றா போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பெரிய வாப்பா நிற்கிறார், அந்தக் கேற்றை வாங்கில் கிடத்தி ஒட்டுகிறார்கள் என்றாள்.

நிப்றாஸ் மச்சான் ஜனாஸாவுக்கு வந்து சேர முடியவில்லை. அடுத்த கிழமைதான் வந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்காத மனிசன். அன்று பின்னேரம் அவர் எங்கள் ஹோலில் வந்து இருந்தார். நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். கேற்றைப் புதுக் கொளுக்கி போட்டு மறுபடி நிறுத்தப் போவதாகவும், பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது அதில் தம்பியின் பெயரையும் உம்மாவின் பெயருக்குக் கீழே பதிக்கப் போவதாகவும் சொன்னார். பள்ளிக்கூட அதிபரும் சரியென்று விட்டாராம். சொல்லும்போது அவர் அழுதார். நல்ல செய்தி கொண்டு வந்தவராக நினைத்துக்கொண்டுதான் அழுதார்.

"அதுக்குள்ளாலதானே மச்சான் ஸம்றா போகணும்" என்றேன்.

"இனி விழாது புள்ள. நானே நிண்டு வேல வாங்கிறன்."

கட்டாருக்குப் போன பிறகு யார் நிற்பார் என்று நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு ஸம்றா என்னிடம், வாப்பாவின் பெயர் கேற்றில் வருமா என்று மட்டும் கேட்டாள். 

வலயத்திலிருந்து விசாரணைக்கு வில்பிரட் சேர் வந்தது நோன்பின் கடைசிப் பத்து நாளில். ஒரு வீட்டுக்கு வந்தவர் வெறும் வாயோடு போகக் கூடாதென்று சுபைறா ராத்தா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. நோன்பு வீட்டில் நான் குடிப்பதா என்றார். அது ஆறி ஆடை படர்ந்து அப்படியே கிடந்தது. அதிபரும் குழுவும் கொடுத்த வாக்குமூலத்தைச் சொன்னார். கேற் நல்ல நிலையில் இருந்தது, எதிர்பாராமல் சாய்ந்தது. அப்படியே முடிந்தால் கேற்றைத் திருத்திப் போட அனுமதி கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அவர் முன்பு கழற்றச் சொன்னது வாய்ப்பேச்சு, எழுத்தில் இல்லை.

ராத்தா அறைக்குள் வந்து என் கையைப் பிடித்தாள். அல்லாஹ்வின் களாகத்ர், அவன் விதித்தது என்று சொல்லி விட்டுவிடு, மௌத்தான மனிசனின் பேரை எழுத்தில் கெடுக்காதே என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. நான் வாய் திறந்தால் முதல் பழி பஸாலுக்குத்தான். பாதுகாப்புக் குழுவுக்குப் பொறுப்பானவர், தெரிந்தும் தள்ளிப்போட்டவர் என்று எழுதுவார்கள். ஊர் கதைக்கும். ஸம்றா அதைக் கேட்டுக்கொண்டு வளருவாள். வாய் திறக்காவிட்டால் பெருநாள் முடிந்து அவள் அந்தக் கேற்றுக்குள்ளால் போவாள்.

திரைக்கு அந்தப் பக்கம் வில்பிரட் சேர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னாலும் நான் அப்பிடியே எழுதுவன். அதால உங்கள ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க."

"எனக்குத் தெரியும் சேர். அவருக்கும் தெரியும். கழட்டத்தான் வேணுமெண்டு இந்த வீட்டிலதான் சொன்னார். உம்மாட பேருக்காகத் தள்ளிப் போட்டார். குழுவும் அதுக்காகத்தான் தள்ளிப் போட்டது. அத எழுதுங்க."

பேனாச் சத்தம் கேட்கவில்லை.

"அவரப் பத்தியும் எழுதவா?"

"அவர விட்டிட்டு எழுதினா மத்ததையும் நம்ப மாட்டாங்க."

அவர் எழுதினார். ராத்தா என் கையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். 

உத்தரவு பெருநாளைக்கு முன்பே வந்தது. அந்தக் கேற்றை மறுபடி நிறுத்தக் கூடாது. நிப்றாஸ் மச்சான் அன்றைக்கே வந்தார். இந்தமுறை கதிரையில் இருக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பியயும் குத்தவாளியாக்கி, உம்மாட நன்மையயும் நிப்பாட்டிட்ட."

 

"மச்சான், அந்த இரும்பால ஒவ்வொரு நாளும் உம்மாவுக்கு நன்ம எழுதுறாங்கண்டு சொன்னீங்க. அது விழுந்த அண்டைக்கு என்னத்த எழுதியிருப்பாங்க?"

 நிலையைப் பிடித்திருந்த அவர் கை இறங்கியது. நான் கேட்டது கொடுமையான கேள்விதான். சல்மா உம்மா எனக்கு ஒருநாளும் மாமியாராக நடந்தவர் இல்லை. பிள்ளைப்பெறுவுக்கு என் பக்கத்தில் இருந்தவர். ஆனாலும் கேட்டேன்.

பிறகு அவர், "கேற்ற எங்க வைக்கிற?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது என்றேன். அடுத்த நாள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வளவில் தென்னைக்குக் கீழே, பெயர் மேலே தெரியக் கிடத்தியிருக்கிறாராம். கட்டாருக்குப் போகும்போது எனக்குச் சொல்லவில்லை. பெருநாளைக்கு ஸம்றாவுக்கு உடுப்பு அனுப்பியிருந்தார்.

ஊர் கதைத்தது. ராத்தா சொன்ன மாதிரியேதான். தெரிந்துகொண்டே இருந்தாராம் பஸால் சேர் என்று ஒரு பிள்ளை ஸம்றாவிடம் சொல்லியிருக்கிறாள். ஓம், தெரியும்தான், அதனால்தான் வேறு ஒருத்தரையும் தொட விடவில்லை என்று இவள் சொல்லிவிட்டு வந்தாளாம். நான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இத்தா முடிந்து நான் முதலில் போனது பள்ளிக்கூடத்துக்கு. இரட்டைக் கேற் போட்டிருந்தார்கள், நீலப் பெயின்ற். ஸம்றா ஒரு விரலால் தள்ளிக் காட்டினாள். பெயர் ஒன்றும் இல்லை. பழைய தண்டவாளத்தை மட்டும் எடுக்கவில்லை. அது கொங்கிறீற்றுக்குள் இறுகிப்போயிருக்கிறது. அன்றும் கடற்காற்று அடித்தது. அதற்குள் மணல் நிறைந்திருந்தது.