விரதத்துக்கு ஓர் அத்தாட்சி

முள்ளியவளையில் எங்கள் முருகன் கோயிலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சூரன்போர் அன்று சுவாமியைத் தோளில் காவும் முன்தடி, கந்தசட்டி ஆறு நாளும் சாப்பிடாமல் இருந்தவருக்கு மட்டும்தான். தங்கராசா மாமா பதினொரு வருடமாக விரதம் இருந்து அந்தத் தடியைக் கேட்கிறார். பதினொரு வருடமும் நிர்வாகத் தலைவர் ஐயாத்துரை, மாமாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "வாற வருசம் பாப்பம்" என்றிருக்கிறார்.

இந்த முறை தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"உம்மடை மருமோன் கம்பஸிலை சலம், இரத்தம் சோதிக்கப் படிக்கிறாராமே. சாப்பிடேல்லை எண்டு அவர் எழுதித் தரட்டும், தடியைத் தாறன்."

அந்த மருமகன் நான். என் கையெழுத்துக்கு முதன்முதலாக ஒரு மதிப்பு வந்தது.

மூன்றாம் நாள் காலை சிறுநீர் சோதிக்கும் பட்டிகளோடு போனேன்.

"இதிலை என்னடா தெரியும், பிரதாபன்?"

"கீற்றோன் மாமா. பட்டினி கிடந்தால் இன்சுலின் இறங்கும், வளர்ச்சி ஓமோன் ஏறும். அது கொழுப்பை உடைக்கச் சொல்லும். உடைஞ்ச கொழுப்பிலை ஈரல் கீற்றோன் செய்யும். மிச்சம் சலத்திலை வந்தால் பட்டி ஊதாவாகும்."

"வளர்ச்சியோ? எனக்கு ஐம்பத்திமூண்டு வயசு. இனி எங்காலை வளருறது?"

"குறுக்காலை" என்றா பிரேமிளா மாமி, குசினிக்குள் இருந்து.

"பேர்தான் அப்பிடி மாமா. பெரியாக்களிலை அது பட்டினி நேரம் தசையைக் காப்பாத்தி, கொழுப்பை எரிக்க விடும்."

பட்டி நனைந்தது. அதற்குமேல் அதற்கு ஒன்றும் நடக்கவில்லை.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "நான் களவாய்ச் சாப்பிட்டனெண்டோ இது சொல்லுது?"

"மூண்டு நாளா ஒரு பருக்கை படேல்லை. நான்தான் காவல்" என்றபடி மாமி வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்தா. மாமா பனங்கட்டியில் ஒரு கடி கடித்து, ஒரு மிடறு குடித்தார்.

"மாமா, அது என்ன?"

"தேத்தண்ணி."

"மற்றக் கையிலை?"

"தேத்தண்ணிக்குக் கடிக்கிறது."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"பதினாலு" என்றா மாமி. "விரதத்துக்குக் கொஞ்சம் கூட."

அந்த வீட்டில் பனங்கட்டியை யாரும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை. அது தேநீரைச் சேர்ந்தது. தேநீர் தண்ணீரைச் சேர்ந்தது.

"பனங்கட்டி முழுக்கச் சீனி மாமா. ஒவ்வொரு கடிக்கும் இன்சுலின் எழும்பும், வளர்ச்சி ஓமோன் படுத்திடும். பிறகு கொழுப்பை ஆர் உடைக்கிறது?"

"பதினொரு வருசமாவோ?"

"ஓம்."

மாமா பனங்கட்டியைத் தட்டில் வைத்தார். நான்காம் நாள் அவருக்குத் தலையிடி. கோழிகளை ஏசினார், வானொலியை ஏசினார், என் படிப்பை ஏசினார். தலை சுற்றினால் விரதத்தை விடச் சொன்னேன். சுற்றவில்லை என்று அதையும் ஏசித்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை பட்டி கத்தரிக்காய் நிறமாயிற்று. மாமா அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு சாமி அறைப் பக்கம் நடந்தார்.

"சலத்திலை தோய்ச்சதோடை உள்ளுக்கை போனியளோ, தெரியும்!" என்றா மாமி.

நான் அத்தாட்சி எழுதினேன். மாமா வாசித்துப் பார்த்தார்.

"மூண்டு நாள் பனங்கட்டி கடிச்சதையும் போடு."

"தடி போயிடும் மாமா."

"போனால் போகட்டும். பொய்யைத் தோளிலை வைச்சுக்கொண்டு முருகனைக் காவேலாது."

போட்டேன். தலைவர் அதை இரண்டு தரம் வாசித்தார். கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"அப்ப... பனங்கட்டியும் சாப்பாடோ?"

"உடம்புக்கு ஓம், ஐயா."

"நானும் கடிக்கிறனான்" என்றார் தலைவர், தாழ்ந்த குரலில்.

அன்று பின்னேரமே நிர்வாக சபை அவசரமாகக் கூடியது. ஏழு பேரும் விரதகாரர், ஏழு பேரும் கடிப்பவர்கள். எங்கள் கோயில் வரலாற்றில் ஒரு தீர்மானம் சண்டை இல்லாமல் நிறைவேறியது அன்றுதான்: பனங்கட்டி சாப்பாடல்ல. ஆகவே தங்கராசா விரதத்தை முறிக்கவில்லை. அதைக்கூட விட்டவர் என்பதால் முன்தடி அவருக்கே.

சூரன்போர் அன்று மழை விட்டிருந்தது. மாமா முன்தடிக்குத் தோள் கொடுத்தார். மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம் அடித்தது. அதுவும் கீற்றோன்தான்.

"பாரமோ மாமா?" என்று கேட்டேன்.

"விலத்தடா, சுவாமி வருது" என்றார்.