சுவரா, வாத்தியா?

1

இந்தக் கதை ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் பிறந்தது. அதில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தவர் என் அக்காவின் கணவர். பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வீடு திரும்பியதும் அக்கா மகள் முதல் வேலையாக, "சித்தி, சத்தியமா இதைக் கதையா எழுதிடாதீங்க" என்றாள்.

"சேச்சே, நான் ஏன் எழுதறேன்?" என்றேன். அதற்குள் மனசில் இரண்டு தொடக்கங்கள் தயாராகியிருந்தன.

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், இரண்டு குடும்பங்களின் விதி

(மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

கால்பந்து என்பது வெறும் விளையாட்டல்ல, அது ஒரு

(விளையாட்டுதான். இதையும் அடித்தாயிற்று. நேராக ஆட்களிடம் போய்விடுகிறேன்.)

2

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அக்கா மகள் படிப்பு முடித்ததிலிருந்து அதே கடையில்தான் கண் பரிசோதனை செய்கிறாள். அவளுக்குப் பிடித்த பையன் பல் டாக்டரின் மகன். பையன் வீட்டார் முதல் தடவையாக அக்கா வீட்டுக்கு வந்தார்கள். வந்த கொஞ்ச நேரத்தில், அத்தானும் டாக்டரும் ஒரே கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் என்று தெரிந்துபோனது. இரண்டு பேரும் பால்ய சிநேகிதர்கள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டார்கள். காதலர்கள் இருவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அவசரப்பட்டு விட்டுவிட்டார்கள்.

கிளப் வரிசையாகத் தோற்று, மேனேஜரை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம் அது. அடுத்து யார் என்பதில் இரண்டு பெயர் அடிபட்டது. ஒருவர் கிளப்பின் பழைய கோல்கீப்பர். சின்ன வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவர். ரசிகர்கள் வைத்த பெயர் 'சுவர்'. இன்னொருவர் வெளியாள். ஆட்டக்காரர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறவர், அதனால் 'வாத்தி'.

"வாத்தி வந்தாத்தான் நாம உருப்படுவோம் சம்பந்தி" என்றார் டாக்டர். தேதிகூடக் குறிக்காமல் 'சம்பந்தி' வந்துவிட்டதில் அக்காவுக்குப் பூரிப்பு.

அத்தான் சிரித்தார். "போற இடத்துலல்லாம் ஒரு வருஷம் தாங்காத ஆளுங்க அது. எங்கேயும் நிலைச்சு நிக்கலையே. அந்த மாதிரி ஆளை நம்பி எப்படிக் கையில கொடுக்கிறது?"

பையனின் அம்மா வாய்வரை கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். பையன் சமீபத்தில்தான் நாலாவது வேலைக்கு மாறியிருந்தான்.

டாக்டர் விடுவாரா? "அதுக்காக? பொறந்ததுலேர்ந்து ஒரே இடத்துல பொத்திப் பொத்தி வளந்தவங்களுக்கு வெளியில என்ன தெரியும் சொல்லுங்க? பாசம் இருந்தா போதுமா? சாமர்த்தியம் வேணாமா?"

இந்தத் தடவை அக்கா தட்டைக் கீழே வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பேச்சு கால்பந்தைப் பற்றித்தான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. எழுத்தாளர்கள் மனித மனத்தைப் படிப்பவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

3

மறுநாள் பையனின் அம்மா போன் செய்து, "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோமே" என்றார். "தாராளமா யோசிங்க, நாங்களும் யோசிக்கணும்" என்று அக்கா வைத்துவிட்டாள். அக்கா மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தானுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "ஒரு வாத்திக்காகவா இவ்வளவு கோவம்?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பக்கம் டாக்டரும், "சுவரைச் சொன்னதுல மனுஷனுக்கு ரோஷம் வந்துடுச்சு" என்று மகனிடம் புலம்பினாராம்.

4

இங்கே நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். அடுத்து நடந்ததை எழுதினால், வேண்டுமென்றே கோத்ததாகச் சொல்வீர்கள். அத்தானுக்குப் பல் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை, டி.வி.யில் நம் கிளப் வாங்கிய மூன்றாவது கோலுக்கு, வாயிலிருந்த ஐஸ்கட்டியைக் கடித்ததில் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. நம்பும்படியாக இருக்கட்டுமே என்று தலைவலியாக மாற்றிப் பார்த்தேன். தலைவலிக்குப் பல் டாக்டர் எதற்கு?

அத்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஊரில் அன்று ஒரு பல் டாக்டரும் கிடைக்கவில்லை. அக்கா மகள் தயங்கித் தயங்கிப் பையனுக்குப் போன் செய்தாள். டாக்டர் உடனே கிளினிக்கைத் திறந்துவிட்டார். வரவேற்பு மேசையில் ஆள் இல்லாததால் அவர் மனைவியும் வந்திருந்தார். அத்தானுக்குத் துணையாக நான் போனேன்.

5

டாக்டர் ஒரு வார்த்தை பேசாமல் மரத்துப்போக ஊசி போட்டார். பஞ்சை அடைத்தார். எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினார். பிறகு முகமூடிக்குப் பின்னாலிருந்து, "சரி, இப்போ நான் சொல்றதைக் குறுக்கே பேசாமக் கேளுங்க. ஏன் வாத்தின்னா..." என்று ஆரம்பித்தார்.

அத்தானின் கண்கள் விரிந்தன. "ஆங்... ஆஆ!"

"முதல்ல ஒழுங்கு. நம்ம பசங்க நேரத்துக்குப் பயிற்சிக்கு வர்றாங்களா?"

"ங்ஆ! ஆங்ஆ!"

"ஒத்துக்கிறார்" என்றார் டாக்டர்.

"இல்லை டாக்டர், மறுக்கிறார்" என்றேன். அத்தான் என் கையை நன்றியோடு அழுத்தினார்.

கொப்பளிக்கக் குழாயை எடுத்ததுதான் தாமதம், அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, மரத்த உதட்டோடு கத்தினார்: "பாழியில விழ்ழுழ்ழு ஓவுறவன்!"

பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவன். எனக்குப் புரிந்தது. கதவருகே நின்ற டாக்டரின் மனைவிக்கும் புரிந்தது.

"போதும் நிறுத்துங்க" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "எம்பையன் அப்படி ஓடுறவன் இல்லை. நல்ல இடம் தேடி மாறினான். அது ஒரு குத்தமா?"

அத்தான் திருதிருவென்று விழித்தார். "ழையனா?"

"வாத்தியைச் சொல்றார்டி" என்றார் டாக்டர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மெல்ல என் பக்கம் திரும்பினார். "அப்போ அன்னிக்கு, பொத்தி வளத்தவங்கன்னு நான் சொன்னது..."

"அக்கா அன்னிலேர்ந்து அழுதுட்டிருக்கா டாக்டர்."

"ஐயையோ! நான் சுவரைச் சொன்னேம்மா!"

அத்தான் அங்கேயே கிளினிக் போனிலிருந்து அக்காவை அழைத்து, மரத்த உதட்டோடு விளக்கப் பார்த்தார். "யாருங்க? ராங் நம்பர்" என்று அக்கா வைத்துவிட்டாள். டாக்டரின் மனைவி போனை வாங்கி மறுபடி அழைத்தார். "நான்தாங்க பேசறேன். உங்க பொண்ணைச் சொல்லலையாம். கோல்கீப்பரைச் சொன்னாராம்."

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "நம்ம பொண்ணைச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலைங்க! சம்பந்தம் பேச வந்த இடத்துல கோல்கீப்பர் எதுக்கு?"

டாக்டரின் மனைவி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

6

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தேதியைச் சம்பந்தியம்மாக்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து குறித்தார்கள். புது மேனேஜரின் கீழ் கிளப் ஆடப்போகும் முதல் ஆட்டத்தன்று, அதே நேரத்துக்கு. தெரிந்துதான் குறித்தார்கள். அப்பாக்கள் இருவரும் முதல் தடவையாக ஒரே கட்சியில் சேர்ந்து கெஞ்சினார்கள். பலிக்கவில்லை.

அந்தப் புது மேனேஜர் யார்? மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன். சுவர் வருகிறார். வாத்தி வருகிறார். இரண்டு பேருமில்லாமல் யாரோ ஒருவர் வந்து, சம்பந்திகள் இருவரும் சேர்ந்து அவரைத் திட்டுகிறார்கள். மூன்றையும் அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "எழுதமாட்டேன்னு சொன்னீங்களே சித்தி" என்று முறைத்துவிட்டு, "எதைப் போட்டாலும் ஒரு வீட்டுல உங்களுக்குக் காப்பி கிடைக்காது. மூணாவதைப் போட்டா ரெண்டு வீட்டுலயும்" என்றாள்.

உண்மைதான். இரண்டு வீட்டுக்கும் போய்வர வேண்டியவள் நான். அதனால் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: ......................

எனக்கு இதில் பக்கமே கிடையாது. ஆனால் எழுதுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நம் பின்வரிசை இருக்கிற லட்சணத்துக்கு, கோல் வாங்காமல் நிற்கத் தெரிந்த ஒருத்தர் வந்தால்தான்

(இதையும் அடித்துவிட்டேன்.)