இடது கதவு ஸ்பீக்கர்

கார் கதவைப் பிரிப்பது எப்படி என்று வீடியோ போடுகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து, என் கார் கதவைக் காட்டி, "எங்கே, இப்போ பிரி பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். நான் பார்த்த வீடியோவில் ஒரு ஆள் இரண்டே நிமிடத்தில் உள்பக்கப் பலகையைக் கழற்றிச் சிரித்துக்கொண்டே மடியில் வைத்துக்கொள்கிறான். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நான்கு கிளிப் உடைந்தது. கட்டைவிரலில் தோல் போனது. கிளிப் உடையும் என்று அந்த வீடியோவில் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். நான் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். இருபத்திரண்டு வருடமாகக் குழாயின் கனத்தை அளந்து, துளி கூடினாலும் குறைந்தாலும் சிவப்புக் கோடு போட்டு ஓரம் தள்ளுவது என் வேலை. நல்ல பேர் வாங்குகிற வேலை இல்லை அது. நான் நடந்து வந்தாலே மெஷின்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. புதுக் கார் வாங்கி எங்கள் இருவரையும் ஒரு சுற்று அழைத்துப்போனான். அதில் பாட்டு போட்டான். பாடுகிறவர் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. திரும்பி என் காரில் ஏறினால், கம்பெனியில் மாட்டிக் கொடுத்த ஸ்பீக்கர் கரகரவென்று இருமுகிறது. "நானே புதுசு வாங்கி மாட்டப்போறேன்" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"மாமா, எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட விட்ருங்க. நீங்களா கை வெச்சு எதையாவது இழுத்து விட்றாதீங்க" என்றான் அவன்.

அதற்குமேல் வேறு ஆளிடம் விடுவேனா? துளி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்குக் கதவில் நாலு ஸ்குரூவைக் கழற்றத் தெரியாதாம்.

கடைக்காரர் வேறு என் பொறுமையைச் சோதித்தார். ஸ்பீக்கரைப் பெட்டியில் போடும்போதே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "சார், ஒயர் கலர் இந்தத் தாள்ல இருக்கு. ரெண்டு கதவுக்கும் கலர் ஒண்ணா இருக்காது, பாத்து மாட்டுங்க. மாட்டின பிறகு ஒரு சின்ன பேட்டரிய ஒயர்ல தொட்டுப் பாருங்க. ஸ்பீக்கர் வெளிய தள்ளணும். உள்ள போச்சுன்னா பிளஸ் மைனஸ் மாறிடுச்சுன்னு அர்த்தம்."

"எனக்கும் நாலு விஷயம் தெரியுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வலது கதவு சுலபமாக முடிந்தது. கடைக்காரர் கொடுத்த இணைப்பு முனை காரின் ஒயரில் டக்கென்று உட்கார்ந்தது. இடது கதவில் அது உட்காரவில்லை. அமுக்கினேன், உட்காரவில்லை. வந்த ஆத்திரத்தில் ஓங்கி அமுக்கினேன், கையோடு உடைந்து வந்துவிட்டது. சரி போ என்று ஒயர் முனையை வெட்டி, தோலை உரித்து, கையால் முறுக்கி, டேப் சுற்றினேன். வலது பக்கம் கோடு போட்ட ஒயர் மைனஸ். இடது பக்கமும் அப்படித்தானே இருக்கும்? தாளைப் பார்க்கவில்லை. அது பெட்டியோடு சீட்டுக்கு அடியில் கிடந்தது.

பாட்டு போட்டேன். தாளம் இடமும் வலமும் தெளிவாக வந்தது, மணி ஓசையெல்லாம் கண்ணாடி போலக் கேட்டது. மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாடறவர் மட்டும் எங்கேயோ பின்னாடி நின்னு பாடற மாதிரி இருக்கே" என்றாள்.

"நல்ல ஸ்பீக்கர்ல கேட்டுப் பழக்கமில்ல உனக்கு. காது பழக நாலு நாள் ஆகும்" என்றேன்.

மறுநாள் மச்சானும் வந்து கேட்டான். "கனமான பாஸ் சத்தமே வரலையே மாமா. ஒயரெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க."

"உன் கார்ல இருந்தா சரி, என் கார்ல இருந்தா தப்பு, அப்படித்தானே?" என்று கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் பதினோரு வருடம் மைக்கில் அறிவிப்பு சொன்னவள் அவள். எந்த வண்டி எந்த மேடையில், எது தாமதம், எந்தக் குழந்தை காணாமல் போய் அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் அந்த ஊருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் குரலைக் கொண்டுவந்து வைத்தார்கள், இவளை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் குரலே குறைந்துபோனது. போனில்கூட 'ம்', 'சரி' என்பதோடு சரி.

அப்படி இருந்தவள்தான், நான் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே ஒரு நாள் விளம்பரம் ஒன்றை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள். பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துப் பதிவுசெய்யும் நூலகம் ஒன்றில் ஒரே ஒரு வாசிப்பாளர் வேண்டுமாம். பத்து நிமிடம் வாசித்து அனுப்ப வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. ஒரு மாதம் அதே வேலையாக இருந்தாள். எதிரொலி வரக்கூடாதென்று துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிப்பாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தால் மறுபடி முதலிலிருந்து. அவள் எதையாவது இவ்வளவு ஆசையாகச் செய்து நான் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்து காரை நிறுத்தும்போதே பென்டிரைவோடு வாசலில் நின்றாள்.

"இதை உங்க செட்ல போட்டுக் கேப்போமா? போன்ல கேட்டா எனக்கு ஒண்ணும் புரியல. எப்படி இருக்குன்னு உண்மையைச் சொல்லுங்க. நீங்க சொன்னா அனுப்பிடறேன்."

அன்று தொழிற்சாலையில் எனக்கு நல்ல நாள் இல்லை. பக்கத்து மேஜையில் தரம் பார்க்கிற அம்மா, அளக்கிற கருவியைப் பூஜ்யத்தில் வைத்துச் சரிபார்க்காமலே அளந்து, நல்ல குழாய் அறுபதைக் கழித்துப் போட்டுவிட்டாள். "கருவியை நம்பறதுக்கு முன்னாடி கருவியைச் சோதிக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? நல்ல சரக்கைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு நிக்கிறீங்களே" என்று எல்லார் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்திருந்தேன். அந்தச் சூடு இறங்காமலே வீட்டுக்கு வந்திருந்தேன்.

பென்டிரைவைச் செருகினேன். அவள் குரல் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஒல்லியாக, உள்ளே ஒன்றுமில்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல. அவள் மடியில் கை கோத்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, நிறுத்திவிட்டேன்.

"குரல்ல பிடிப்பே இல்ல" என்றேன். "வெறும் காத்துதான் வருது."

"அவ்வளவு மோசமா இருக்கா?"

"மூணு வருஷம் வாயைத் திறக்காம இருந்தா அப்படித்தான் ஆகும். உண்மையைச் சொல்லச் சொன்னே, சொல்லிட்டேன். நான் பூசி மெழுகற ஆள் இல்ல. இந்த செட் பொய் சொல்லாது."

"சரி" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. இறங்கிப்போய்விட்டாள். பென்டிரைவை எடுக்கக்கூட இல்லை. மறுநாள் கண்ணாடியில் அந்த விளம்பரம் இல்லை, அலமாரிக் கதவு மூடியிருந்தது. வேறு ஒருத்தி மாதிரி நடந்துகொண்டாள் என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடமாக எப்படி இருந்தாளோ அப்படியே ஆகிவிட்டாள், அவ்வளவுதான். எனக்கு அதிலும் எரிச்சல். ஒரு உண்மையைத் தாங்க முடியாதவள் எதற்கு உண்மையைக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை காலையில் மச்சான் போன் செய்தான். அக்கா அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டானாம். "மாமா, அவ வாசிச்சதை எனக்குப் போன்ல கேக்க வெச்சா. அருமையா இருந்துச்சே. உங்க செட்லதான் ஏதோ கோளாறு" என்றான்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. இன்று இவன் முகத்தில் கரியைப் பூசாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கடைக்காரர் சொன்ன அந்தப் பேட்டரிச் சோதனையைச் செய்து, வீடியோ எடுத்து, இவனுக்கு அனுப்பி வாயை அடைக்க வேண்டும். இரண்டு கதவுப் பலகையையும் கழற்றினேன். சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவிக்கொண்டு வந்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து தாளை எடுத்து, பிளஸ் ஒயர் எதுவென்று பார்த்து, வலது பக்கம் தொட்டேன். ஸ்பீக்கர் டப்பென்று வெளியே தள்ளியது. போனில் அதைப் பிடித்தேன். "பாத்துக்கோடா" என்றுகூட அதில் சொல்லியிருக்கிறேன்.

இடது பக்கம் தாளைப் பார்த்து, பிளஸ் ஒயரில் தொட்டேன். உள்ளே போனது.

மறுபடி தொட்டேன். உள்ளேதான் போனது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். இடது கதவில் கோடு போட்ட ஒயர் பிளஸ் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்திருக்கிறது. ஓரத்தில் வாசிக்கிற வாத்தியங்கள் தப்பித்துக்கொண்டன. நடுவில் நிற்க வேண்டிய குரலை மட்டும் இரண்டும் சேர்ந்து தின்றிருக்கின்றன.

டேப்பைப் பிய்த்து ஒயரை மாற்றி முறுக்கினேன். பென்டிரைவ் இன்னும் செட்டிலேயே இருந்தது. போட்டேன்.

அவள் குரல் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. கனமாக, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைப்பது போல வாசித்தாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பத்து நிமிடமும் கேட்டேன். பதினோரு வருடம் ஒரு ஊரே நம்பிக் கேட்ட குரலை நான் மூன்று நிமிடத்தில் கழித்துப் போட்டிருக்கிறேன். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

உள்ளே அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு நல்ல காரியத்தையாவது செய்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தாள். மறுபடி போட்டேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள்.

"ஒரு நாள்தானே தள்ளிப்போயிருக்கு. நான் போன் பண்ணி என் தப்புதான்னு சொல்றேன்" என்றேன்.

"வேண்டாம்."

"தெரியாம நடந்துடுச்சு. முதல் தடவை பண்றவன், ஒயரை மாத்தி..."

"ஒயரை மாத்தினதை நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். குரல் உயரவில்லை. மைக்கில் வண்டி தாமதம் என்று சொல்வது போல அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். "பாட்டு சரியில்லன்னு நான் சொன்னேன். தம்பி சொன்னான். அப்பல்லாம் எங்க காதுதான் தப்பு. நான் வாசிச்சது சரியில்லாம கேட்டப்ப, என் குரல்தான் தப்பு. அந்த ஸ்பீக்கரை மாட்டி நாலு நாள்கூட ஆகல. என்கூட இருபது வருஷம் இருக்கீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த ஸ்பீக்கர்மேல சந்தேகம் வரலையா உங்களுக்கு?"

அவள் பென்டிரைவை உருவிக்கொண்டு இறங்கினாள்.

ஆறு மாதம் கழித்து அந்த நூலகம் மறுபடி ஆள் எடுத்தது. அவள் புதிதாக வாசித்து அனுப்பினாள், வேலையும் கிடைத்தது. எனக்கு அது மச்சான் சொல்லித்தான் தெரியும். அனுப்புவதற்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போய், அவன் காரில் உட்கார்ந்து, அவனிடம் போட்டுக் காட்டிக் கேட்டாளாம்.