வேலிக்கு உள்ளே வந்த கல்

காலை ஏழு மணிக்குச் சூடான பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் ஒடுங்கிய பனங்கூடல் ஒழுங்கையில் எல்லா வீட்டுப் படலைகளும் திறக்கும். அன்று பாட்டு வந்தது, பாண் வரவில்லை. ஒழுங்கை திரும்பும் முடக்கில் மூன்று கழுதைகளும் ஒரு குட்டியும் வழியை அடைத்துப் படுத்திருந்தன. பாண்கார வின்சன்ட் ஹோர்ன் அடித்தார். குட்டி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தாயின் வயிற்றில் சாய்ந்துகொண்டது.

"அண்ணை, உங்கட வீட்டு ஆக்களை ஒருக்கா எழுப்பிவிடுங்கோ!" என்று அவர் முடக்கு வீட்டு வேலிக்கு மேலால் கத்தினார்.

வேலிக்கு உள்ளே லூசியா குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். மணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தலைகாட்டும் ஒரு கல் அங்கே இருந்தது. மீன் வெட்டுமுன் அவள் கத்தியைத் தீட்டுவது அதில்தான். கல்லைச் சுற்றிச் செதில்கள் மினுங்கின. இரண்டு காகங்கள் முறை வைத்துக் காத்திருந்தன.

"எங்கட வீட்டு ஆள் எழும்பீட்டார்," என்றாள் லூசியா. "வெளியில படுத்திருக்கிறது உங்கட சொந்தக்காரர்."

அவளுடைய கணவர் பெனடிக்ற் விறாந்தையில் கதிரையைப் போட்டு, மூக்குக் கண்ணாடியோடு எழுதிக்கொண்டிருந்தார். முன்பு கடலுக்குப் போனவர்; இப்போது கிழிந்த வலை பொத்துகிறார். அந்த ஒழுங்கையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இருபத்தேழு வீட்டுக்காரர் சேர்ந்து தன்னைத் தெரிவுசெய்ததை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மழைக்கு யாருடைய கூரை ஒழுகினாலும் முதலில் ஏணியோடு போகிறவர் அவர். அதனால் அவருடைய சின்னப் பெருமையை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

"பாத்தியோ லூசியா," என்றார். "நாலு கழுதை படுத்தா ஒழுங்கை மூடுது. இதுக்குள்ளால இன்னும் நாப்பது குடும்பம் போய் வாறதெண்டால்?"

அந்த நாற்பது குடும்பம்தான் அப்போது ஊர் முழுக்கப் பேச்சு. ஒழுங்கையின் முடிவில் உள்ள பனங்கூடலில் நாற்பது வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று அரச கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்திருந்தது. சண்டைக் காலத்தில் மன்னார்த் தீவை விட்டுப் போய், இருபது வருடத்துக்கு மேலாகப் புத்தளத்தில் கொட்டில்களில் இருக்கும் குடும்பங்களும் அதில் அடக்கம். அவர்கள் வருவதில் யாருக்கும் மனக்குறை இல்லை. பயம் நெருப்புக்குத்தான்.

முந்தின வருடம் ஆவணியில், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று மூசி அடித்த ஒரு மத்தியானம், பனங்கூடல் பற்றிக்கொண்டது. மரங்களில் காய்ந்து தொங்கிய காவோலைகள் ஒன்றிலிருந்து ஒன்று நெருப்பை வாங்கிக்கொண்டு வீடுகளை நோக்கி வந்தன. கோயில் மணி விடாமல் அடித்தது. மன்னார் நகரிலிருந்து நெருப்பணைக்கத் தண்ணி பவுசர் லொறி வேகமாகத்தான் வந்தது. ஆனால் முடக்கில் திரும்ப முடியாமல் வேலிகளுக்கு நடுவில் இறுகி நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே போக இருந்த ஒரே வழியையும் அது அடைத்துக்கொண்டது.

ஒழுங்கையின் கடைசி வீடு நசீறாவுடையது. அவளுடைய கணவர் மஹ்மூது தையற்காரராக இருந்தவர். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தபின் நடப்பதில்லை. பெனடிக்ற்றும் இன்னொருவரும் அவரைக் கதிரையோடு தூக்கிவந்து, பவுசருக்கும் வேலிக்கும் இடையில் கதிரை நுழையாமல், ஒரு வீட்டு வேலியைப் பிய்த்து உள்ளே போய்க் கிணற்றடியால் சுற்றி வெளியே எடுத்தார்கள். அவ்வளவு புகைக்குள்ளும் மஹ்மூது கேட்டது ஒன்றுதான்: "உங்கட கோயில் சுருவச் சிலையையும் இப்பிடி ஆட்டி ஆட்டியோ தூக்குறனீங்கள்?"

அன்று நசீறாவின் குசினியும் மூன்று ஆடுகளும் எரிந்தன. காற்றுத் திரும்பியதால் மற்ற வீடுகள் தப்பின.

ஆகவே பெனடிக்ற் எழுதிக்கொண்டிருந்த மனுவில் பொய் எதுவும் இல்லை. "எமது ஒழுங்கை மிகவும் ஒடுங்கியது. தீ ஏற்பட்டால் தப்பிச் செல்ல வேறு வழி இல்லை. ஆகையால் இவ்வீட்டுத்திட்டத்தை நிறுத்துமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று அழகான எழுத்தில் எழுதி, பின்னேரம் கையெழுத்து வாங்கப் புறப்பட்டார்.

எல்லோரும் வைத்தார்கள். எதிர்வீட்டு இராசம்மா கண்ணாடி இல்லாமல் வைத்ததால் அவருடைய கையெழுத்து மூன்று வரிகளைப் பிடித்தது. கடைசியாக நசீறா வீடு.

நசீறா தாளை இரண்டு தரம் வாசித்தாள். "அண்ணை, இந்த நாப்பதில ஒண்டு எங்கட உம்மு ஸல்மாவுக்கு," என்றாள். உம்மு ஸல்மா அவளுடைய தங்கை. "பேர் லிஸ்ற்றில வந்திட்டுது. போன கிழமை போன் எடுத்து, ராத்தா நான் வாறன், நான் வாறன் எண்டு அழுதவள்."

பெனடிக்ற் தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். "அப்ப நீ வைக்க வேண்டாம் பிள்ளை. விடு."

"தாங்கோ." நசீறா பேனையை வாங்கினாள். "அண்டைக்கு இவரையும் விட்டிட்டு ஓடேலாம, தூக்கவும் ஏலாம நான் நிண்ட நிலை எனக்குத்தான் தெரியும். ஸல்மாவுக்கு நாலு பிள்ளையள். இந்த ஒழுங்கைக்குள்ள நாப்பது குடும்பமும் ஒண்டா ஓடிவந்து இறுகினா? அவள் அங்கேயே இருக்கட்டும். உயிரோட இருக்கட்டும்."

வட்டம் வட்டமான எழுத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதி முடிய, தாளில் விழுந்த ஒரு சொட்டை முந்தானையால் ஒற்றினாள்.

உள்ளேயிருந்து மஹ்மூதின் குரல் வந்தது. "பெனடிக்ற், என்ர கையெழுத்தையும் எடு. ஓடேலாதவன் வைக்கிற கையெழுத்துக்கு ரெண்டு பெறுமதி." பகிடிதான் விட்டார். ஆனால் கையெழுத்து வைக்கும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மனு கந்தோருக்குப் போனது. வெள்ளிக்கிழமை அதை விசாரிக்க அங்கிருந்து எடித் என்ற உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பழைய வரைபடம். பெனடிக்ற் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு அளவு நாடாவின் ஒரு நுனியைத் தானே பிடித்தார். முடக்கில் அகலம் ஒன்பது அடி.

"எழுதுங்கோ மிஸ், வடிவா எழுதுங்கோ," என்றார். "ஒன்பதடி. இதுக்குள்ளால பவுசர் எப்பிடித் திரும்பும்?"

எடித் எழுதினார். பிறகு வரைபடத்தை விரித்தார். "ஐயா, பிளானில இந்த ஒழுங்கை இருபதடி. இந்த முடக்கில ஒரு எல்லைக்கல் இருக்கவேணும்."

கல்லைத் தேடினார்கள். பெனடிக்ற் இரும்பு அலவாங்கால் ஒழுங்கை மணலை அங்கும் இங்கும் குத்திப் பார்த்தார். இராசம்மா தன் படலையில் நின்று, "அது கழுதை திண்டிருக்கும்," என்றார். இருபது நிமிடம் கழித்து லூசியா தேத்தண்ணியோடு வந்தாள்.

"என்ன துலைச்சனீங்கள்?"

"ஒரு கல் அக்கா. தலையில அம்புக்குறி வெட்டியிருக்கும்."

"அம்புக்குறியோ? கோழிக்கால் மாதிரி ஒண்டோ?"

"ஓம், அதேதான்."

"அது உள்ளயெல்லோ நிக்குது," என்றாள் லூசியா. "நான் கத்தி தீட்டுறது."

எடித் வளவுக்குள் போய் முழங்காலில் இருந்து கல்லைத் தடவினார். ஒட்டியிருந்த செதில்களை விரலால் உரித்தார். அம்புக்குறி தெரிந்தது, அதன் கீழே ஒரு இலக்கமும் தெரிந்தது. வரைபடத்தில் இருந்த அதே இலக்கம். கல்லிலிருந்து வேலிவரை அளந்தார். ஆறடி.

"ஆரோ கல்லைத் தூக்கி உள்ளுக்கு நட்டிருக்கினம்," என்றார் பெனடிக்ற்.

"கல்லுக்குக் கால் இல்லையப்பா," என்றாள் லூசியா. "நாங்கள் கலியாணம் முடிச்சு வரேக்க இது வேலிக்கு வெளியில நிண்டது. உங்கட சைக்கிளை இதிலதானே சாத்திவிடுறனீங்கள்."

பெனடிக்ற் கல்லிலிருந்து வேலிவரை தானே காலால் அளந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது. அந்தத் தீவு முழுக்க மணல். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால் வேலியைப் புதிதாக அடைக்கும்போது, பழைய குழிக்குள் மணல் இளகியிருக்கும். நடுகிற கதியால் கம்பு இறுகி நிற்காது. அதனால் ஒரு சாண் தள்ளிப் புதுக்குழி வெட்டுவார்கள். உள்பக்கம் தள்ளலாம். ஆனால் உள்பக்கம் ஒரு முருங்கை நிற்கும், அல்லது கோழிக்கூடு இருக்கும். வெளிப்பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் ஒழுங்கைதானே? அவர் எட்டுத் தடவை வேலி அடைத்திருந்தார். எதிர்ப்பக்கம் இராசம்மாவும் அடைத்திருந்தார்; மிச்ச ஐந்தடி அங்கே. எல்லோரும் அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சாண்.

"நான் காணி பிடிக்கேல்லை மிஸ்," என்றார் மெதுவாக.

"ஓம் ஐயா, ஒருத்தரும் பிடிக்கேல்லை," என்றார் எடித். "நான் அளந்த ஒழுங்கை ஒண்டிலையும் ஒருத்தரும் பிடிக்கேல்லை." அவர் சிரித்தார். அது ஏளனச் சிரிப்பு இல்லை. "உங்கட பயம் நியாயமான பயம். இந்த மனுவை நான் மேல குடுத்தால் வீட்டுத்திட்டம் நிண்டுபோகும். அந்தக் குடும்பங்களுக்குக் குடுக்க இப்ப வேற காணி இல்லை. திங்கக்கிழமை வரைக்கும் வைச்சிருக்கிறன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அன்று பெனடிக்ற் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. நெருப்பு நாளில் முடக்கில் நின்று, பவுசர்க்காரனைப் பார்த்து "எடு, எடு!" என்று தான் கத்தியது காதில் கேட்டது. அப்போது அவருடைய முதுகு தன் வேலியில்தான் முட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஆறடி நிலம் சும்மா கிடந்தது. அதில் என்ன இருந்தது? ஒரு கல்லும் கொஞ்சம் செதிலும். நசீறா முந்தானையால் தாளை ஒற்றியதை நினைத்தார். தங்கை வரவேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தது அந்த ஆறடிக்காக.

சனிக்கிழமை விடிய அவர் அலவாங்கோடு ஒழுங்கையில் இறங்கினார். முதல் கதியாலை அசைத்துப் பிடுங்கினார். லூசியா மட்டைகளின் கட்டை அவிழ்த்து ஓலைகளை வாங்கி அடுக்கினாள்.

இராசம்மா ஓடிவந்தார். "உனக்கென்ன விசரோ பெனடிக்ற்? நீ புடுங்கினா என்னையும் புடுங்கச் சொல்லப் போறாங்கள்!"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

"சொல்லாமப் புடுங்கிறதுதான் பெரிய கரைச்சல்! என்ர மல்லிகைப் பந்தல் நிக்குதெல்லோ."

அதற்குள் நசீறா மஹ்மூதைச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். "இராசம்மாக்கா," என்றார் மஹ்மூது, "அடுத்தமுறை நெருப்பு வந்தா என்னை உங்கட மல்லிகைப் பந்தலுக்குக் கீழ இருத்திவிடுங்கோ. மணத்தோட போறன்."

"வாயைக் கழுவு," என்றார் இராசம்மா. பிறகு உள்ளே போய்க் கத்தியோடு வந்து, தானே மல்லிகைக் கொடியின் கட்டுகளை அறுக்கத் தொடங்கினார். பத்து மணிக்குள் ஒழுங்கை நெடுகிலும் அலவாங்குச் சத்தம் கேட்டது.

பெனடிக்ற் கையைத் துடைத்துக்கொண்டு நசீறாவிடம் வந்தார்.

"ஓடுறதுக்கு இடமில்லை எண்டு எழுதினன் பிள்ளை," என்றார். "அந்த இடம் என்ர வளவுக்குள்ள கிடந்திருக்கு. எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னாப் பொய். யோசிக்கேல்லை. அதுதான் பிழை."

நசீறா அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அப்ப வேற மனு எழுதுங்கோ அண்ணை. முதல் கையெழுத்து நான் வைக்கிறன்."

திங்கட்கிழமை எடித்தின் கைக்குப் புது மனு போனது. அதில் வீடுகளை நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்கள் குடிவருமுன் பனங்கூடலின் மறுபக்கத்தால் பெரிய வீதிக்கு இன்னொரு வழி வெட்டித் தரவேண்டும் என்றும், வருடா வருடம் சோளகத்துக்கு முன் காவோலை வெட்டித் துப்புரவாக்கத் தாங்களும் கூலியில்லாமல் சிரமதானம் செய்வோம் என்றும் எழுதியிருந்தது. அந்த வழி வெட்ட ஒன்றரை வருடம் பிடித்தது. ஆனால் வெட்டினார்கள். ஒருநாள் வெயில் நேரத்தில் பவுசரைக் கூப்பிட்டு ஓடவிட்டும் பார்த்தார்கள். அது முடக்கில் ஒரே திருப்பில் திரும்பிக் கடைசி வீடுவரை போனது. கழுதைகள் ஓரத்தில் படுத்தபடியே பார்த்தன.

உம்மு ஸல்மா வந்தாள். இப்போது அவளுடைய நாலு பிள்ளைகளும் அந்த ஒழுங்கையால்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள்.

கல் மறுபடியும் வேலிக்கு வெளியே நிற்கிறது. லூசியா கத்தி தீட்டுவதை மட்டும் விடவில்லை. படலையைத் திறந்து வந்து ஒழுங்கை ஓரத்தில் குந்தியிருக்கிறாள். காகங்களும் வெளியே வந்துவிட்டன.

இந்த வருடம் வேலி அடைக்கும் காலம் வந்தது. பெனடிக்ற் பழைய குழியைத் தோண்டினார். மணல் பொலபொலவென்று சரிந்தது. அலவாங்கைத் தூக்கிக் கையளவு வெளியே ஊன்றப் போனவர், கத்தி தீட்டும் சத்தம் நின்றதைக் கேட்டுத் திரும்பினார்.

"பழைய குழிக்குள்ளயே நடுங்கோ," என்றாள் லூசியா. "நிக்காட்டிக் கல்லுப் போட்டு இறுக்குங்கோ. பொது வழியில நாங்கள் எடுக்கிற ஒரு சாண், இன்னொராள் உயிர் தப்பி ஓடுற ஒரு சாண். அது எங்கட இல்லை."

"கையில கத்தியோட சொன்னா நான் என்ன செய்ய?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெனடிக்ற் கதியாலைப் பழைய குழிக்குள் இறக்கினார்.